இத்தாலியின் சைக்கிள் பந்தயமும் நமது ராஜபாட்டையும்

மே மாதத்தில் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை. அக்கினி நட்சத்திரத்து வெயில் விழுப்புரம் வீதிகளில் ஒருவரையும் நிற்க விடுவதில்லை. கட்சிக்காரர்களின் வருகையும் அந்நாட்களில் குறைந்துவிடுகிறது. ஆதலால் சில ஆண்டுகளாக நாம் பத்திரிகை வேலையை முற்பகலிலேயே முடித்துக்கொண்டு, பிற்பகலில் இத்தாலி தேசத்தின் பெரிய சைக்கிள் பந்தயத்தைப் பின்தொடர்ந்து வருகிறோம். அவர்களுக்கு நண்பகலாகும்போது நமக்கு மணி மூன்றரை. அவர்கள் மாலையில் அன்றைய முடிவைக் காணும் நேரத்தில் நம் வீட்டில் இலை போட்டாகிவிடும். கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியில் நூற்றெண்பது பேர் மலையேறுவதைப் பார்த்துக்கொண்டே நாம் உண்பதை வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். நண்பர்களோ பொறுப்பதில்லை. தேசத்தில் எத்தனையோ காரியங்கள் கிடக்க, எங்கோ எவனோ சைக்கிள் மிதிப்பதை வேடிக்கை பார்ப்பது ஒரு வக்கீலுக்கும் பத்திரிகாசிரியருக்கும் தகுமா என்று கேட்கிறார்கள். தகும் என்பதே நமது அபிப்பிராயம். அதைப் பார்த்ததன் பயனாகத் திண்டிவனம் விழுப்புரம் ராஜபாட்டையைக் குறித்து ஒரு கோரிக்கையையும் நாம் பொதுஜனங்களின் முன் வைக்கத் துணிகிறோம்.

பந்தயம் இன்னதென்று அறியாத நேயர்களுக்காகச் சில வார்த்தைகள். 'ஜிரோ டி இத்தாலியா' என்றால் இத்தாலியைச் சுற்றி வருதல் என்பது பொருள். ஏறக்குறைய மூன்று வாரங்களில் 21 நாள் ஓட்டம். இடையிலே இரண்டொரு நாள் ஓய்வு. மொத்தத் தூரம் சுமார் 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் ஓர் ஊரில் புறப்பட்டு மற்றோர் ஊரில் முடிப்பார்கள். அன்றன்றைக்கு முந்தி வருபவனுக்கு அன்றன்றைய புகழ் உண்டு. ஆனால் எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, எவனுக்கு மிகக் குறைந்த நேரம் ஆயிற்றோ அவனே முடிவில் வெற்றி பெற்றவன். அக்கணக்கில் முன்னிற்பவன் ரோஜா நிறச் சட்டை அணிந்து ஓட்டுவான். இருபதுக்கு மேற்பட்ட கோஷ்டிகள்; கோஷ்டிக்கு எட்டுப் பேர்.

இந்த எட்டுப் பேர் என்ற விஷயத்தில்தான் நம் நாட்டுத் தொண்டர்களுக்கு மிகவும் சுவை இருக்கும். சைக்கிள் ஓட்டுகிறவனுக்குப் பெரும் பகை காற்று. ஒருவன் பின்னே ஒட்டிச் செல்பவனுக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகிறது. ஆகவே தலைவனுக்கு முன்னே அவனுடைய கோஷ்டியார் மாறி மாறிக் காற்றைத் தாங்கிச் செல்கிறார்கள். பின்னே வரும் மோட்டாரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு முன்னேறிக் கொடுக்கிறார்கள். தலைவனின் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களுடைய பெயர் மறுநாள் பத்திரிகையில் வருவதில்லை. இத்தாலியர் இவர்களை அழைக்கும் சொல்லுக்குக் கூட்டத்தில் ஒருவன் என்பதே பொருள். தமிழ்நாட்டில் மேடை கட்டியும் சுவரொட்டி ஒட்டியும் வயது போக்கியவர்கள் இவர்களைக் கண்ட மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

2025ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் தேதி நடந்ததை நாம் எளிதில் மறக்க முடியாது. அது இருபதாவது நாள் ஓட்டம்; மறுநாள் ரோமாபுரியில் சடங்காக முடிவு. மெக்ஸிகோ தேசத்து இசாக் தெல் தோரோ என்ற 21 வயது வாலிபன் ரோஜாச் சட்டையில் இருந்தான். ஈக்வடார் தேசத்துக் கரபாஸ் அவனுக்கு 43 விநாடி மட்டுமே பின்தங்கியிருந்தார். ஆங்கிலேயரான ஸைமன் யேட்ஸ் 1 நிமிஷம் 21 விநாடி பின்னே இருந்தார். அவரை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. அன்றைய பாதையில் பினெஸ்த்ரே என்ற கணவாய் இருந்தது. பதினெட்டரைக் கிலோமீட்டர் ஏற்றம். அதிலும் மேலே எட்டுக் கிலோமீட்டர் தார் காணாத சரளை மண். 2018ஆம் ஆண்டு இதே யேட்ஸ் பதின்மூன்று நாள் ரோஜாச் சட்டை அணிந்திருந்து, இதே கணவாயின் பாதையில் ஒரே நாளில் 38 நிமிஷத்துக்கு மேல் இழந்து, எல்லாம் போய் நின்றார். ஏழு ஆண்டு கழித்து அதே ஏற்றத்தில் அவர் தனியே பிரிந்து சென்றார். தெல் தோரோவும் கரபாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ துரத்து என்று அவன் இருந்தான். நீதானே சட்டை அணிந்தவன், நீ துரத்து என்று இவர் இருந்தார். இதற்குள் யேட்ஸின் கோஷ்டியைச் சேர்ந்த பெல்ஜிய வீரர் வான் ஆர்ட், காலையிலேயே முன்னே சென்றிருந்தவர், மலைக்கு அப்பால் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, தம் தலைவரைப் பின்னே ஒட்டவைத்துக்கொண்டு பள்ளத்தாக்கு முழுவதும் காற்றைத் தாங்கி இழுத்துச் சென்றார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்த கணக்கில் மூன்றாமவர் 3 நிமிஷம் 56 விநாடி வித்தியாசத்தில் பந்தயத்தையே வென்றார். நாம் சாப்பிட்ட இலையை எடுக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

இனி நமது தொழிலுக்கு மிக நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். இந்தப் பந்தயத்தை உண்டாக்கியது அரசாங்கமும் அன்று, விளையாட்டுச் சங்கமும் அன்று, ஒரு பத்திரிகை. மிலான் நகரத்துக் 'கஸ்ஸெட்டா தெல்லோ ஸ்போர்ட்' என்ற பத்திரிகை 1908ஆம் ஆண்டில் பணமுடையில் இருந்தது. 'கொரியேரே தெல்லா செரா' என்ற பெரிய பத்திரிகை ஒரு சைக்கிள் சுற்றுப் பந்தயம் நடத்த யோசிக்கிறது என்ற சேதி கஸ்ஸெட்டாவின் ஆசிரியர் மோர்கான்யியின் காதுக்கு எட்டியது. உடனே அவர் தம் கூட்டாளிகளுக்குத் தந்தி அடித்தார். 1908 ஆகஸ்டு 24ஆம் தேதி, கையில் காசின்றியே, அடுத்த ஆண்டு இத்தாலிச் சுற்றுப் பந்தயம் நடக்கும் என்று முதற்பக்கத்தில் அறிவித்துவிட்டார்கள். பிறகுதான் பணத்துக்கு அலைந்தார்கள். சேமிப்பு வங்கியொன்றின் கணக்கரான போங்கிரானி என்ற அன்பர் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். வேடிக்கை என்னவென்றால், முந்திக்கொள்ளப்பட்ட கொரியேரே பத்திரிகையும் முதற்பரிசுக்காக 3,000 லிரா கொடுத்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ஒன்றுக்கொன்று இப்படிப் பெருந்தன்மை காட்டிய நிகழ்ச்சியை நாம் நமது அனுபவத்தில் இன்னும் காணவில்லை. ரோஜாச் சட்டையின் இரகசியமும் இதுவே: கஸ்ஸெட்டா ரோஜா நிறத் தாளில் அச்சாகும் பத்திரிகை, அந்நிறத்தை 1931 முதல் முன்னிற்பவனுக்கு அணிவித்து வருகிறார்கள்.

1909 மே 13ஆம் தேதி பொழுது விடிவதற்கு முன், மூன்று மணிக்குச் சற்று முன்பாக, மிலானிலிருந்து 127 பேர் புறப்பட்டார்கள். எட்டு ஓட்டங்கள், 2,448 கிலோமீட்டர். முதல் ஓட்டமே 397 கிலோமீட்டர். சாலைகளோ புழுதி. மே 30ஆம் தேதி மிலானுக்குத் திரும்பியவர்கள் 49 பேர். இரண்டாவது ஓட்டத்திலேயே மூவர் இரகசியமாக இரயிலேறிச் சென்றதற்காக நீக்கப்பட்டார்கள். வழியில் விழுப்புரம் ஜங்ஷன் போன்றதொன்று இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் ஏறியிருப்பார்களோ! வென்றவர் லூயிஜி கன்னா என்னும் கொத்தனார். கட்டட வேலைக்காக நாள்தோறும் நெடுந்தூரம் சைக்கிளில் போய் வந்து கால் உரம் பெற்றவர். வெற்றி பெற்றதும், எப்படி உணர்கிறீர் என்று நிருபர்கள் கேட்டார்கள். உட்காருமிடம் பெரிதும் எரிகிறது என்ற கருத்தில், தம் ஊர்க் கொச்சையில், அவர் பதில் சொன்னார். அச்சொல்லை அப்படியே பெயர்த்து எழுத இப்பக்கத்தின் மரியாதை இடந்தராது.

இத்தாலி ஒரே இராஜ்யமாக அறிவிக்கப்பட்டது 1861ல்; ரோமாபுரி அதனுடன் சேர்ந்தது 1870ல். முதற்பந்தயம் நடந்தபோது அந்தத் தேசத்துக்கு ஒரு மனிதனின் ஆயுள்கூட ஆகவில்லை. வடக்கே ஒரு பேச்சு, தெற்கே ஒரு பேச்சு. மிலானியனுக்கு நேப்பிள்ஸ் நகரம் வேறு சீமை. பூகோளப் படத்தில் மட்டும் ஒன்றாயிருந்த ஊர்களை, மிலான், பொலோனியா, கியேதி, நேப்பிள்ஸ், ரோம், பிளாரன்ஸ், ஜெனோவா, தூரின் என்று கொத்தனாரும் தச்சரும் சக்கரத்தால் கோத்துச் சென்றார்கள். அடுத்த ஊருக்கு யார் முந்தி வந்தார் என்றறியப் பத்திரிகையை எதிர்பார்த்துக் காத்திருந்தவன், அடுத்த ஊரும் தன் தேசந்தான் என்பதைச் சொற்பொழிவு கேளாமலே அறிந்துகொண்டான். 1949ஆம் ஆண்டு கூனேயோ என்ற ஊரிலிருந்து பினெரோலோவுக்கு பௌஸ்தோ கோப்பி ஐந்து கணவாய்களைக் கடந்து 192 கிலோமீட்டர் தன்னந்தனியே ஓட்டி, பர்த்தாலியைப் பன்னிரண்டு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்னே விட்டபோது, தேசமே வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்றது. அவ்வாண்டு பந்தயத்தோடு கூடவே சென்று எழுதியவர் தினோ புத்ஸாத்தி என்ற நாவலாசிரியர். எழுத அனுப்பியது எந்தப் பத்திரிகை தெரியுமோ? 1908ல் ஏமாந்த அதே கொரியேரே!

ஆனால் எல்லாம் தேனும் பாலுமாக இருந்ததென்று நாம் சொல்ல மாட்டோம். 1946ல், யுத்தம் முடிந்த மறு ஆண்டு, பந்தயம் த்ரியெஸ்தே நகரத்துக்குப் போவதென்று தீர்மானித்தார்கள். அந்நகரம் இத்தாலிக்கா யுகோஸ்லாவியாவுக்கா என்பது அப்போது முடிவாகவில்லை; நேச நாட்டுப் படைகளின் நிர்வாகத்தில் இருந்தது. ஜூன் 30ஆம் தேதி பியேரிஸ் என்ற இடத்தில் ஓட்டக்காரர்கள் மீது கற்கள் விழுந்தன, துப்பாக்கியும் வெடித்தது. பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிட, சிலர் மட்டும் த்ரியெஸ்தேவுக்குப் போனார்கள். அவ்வூர்க்காரரான கொத்தூரே அன்று முதலில் வந்தார். இத்தாலியர் அதைத் தேசபக்தியின் வெற்றி என்று கொண்டாடினார்கள். பாஸிஸ்ட் ஆட்சியில் தம் பாஷையையும் பெயரையும் இழந்து துன்பப்பட்ட அப்பிரதேசத்து ஸ்லாவிய மக்களுக்கு அந்த ரோஜாச் சட்டை எப்படித் தோன்றியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1960ல் திருத்தணி நம்மோடு சேரும்வரை எல்லைப் போராட்டம் கண்டவர்கள் நாம். இரு பக்கத்து நியாயமும் நமக்குப் புரியாதது அன்று.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு செய்தி. 1924ஆம் ஆண்டுப் பந்தயத்தில் அல்பொன்ஸீனா ஸ்த்ராதா என்ற பெண்மணி ஆடவரோடு ஓட்டினார். பெயரின் ஈற்றெழுத்தைக் குறைத்து ஆண்பெயர் போலப் பதிவாகியிருந்தது. புயல் மழையில் விழுந்து அவர் சைக்கிளின் கைப்பிடி முறிந்தது. துடைப்பக் கட்டையைப் பொருத்திக்கொண்டு மேலே ஓட்டினார். காலம் கடந்து வந்ததால் கணக்கிலிருந்து நீக்கப்பட்டும், தொடர்ந்து ஓட்ட அனுமதி பெற்று மிலான் வரை வந்து சேர்ந்தார். புதுக்கோட்டை ஜில்லாவில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றதை நேரில் கண்டவர்களுக்கு இதைக் கேட்டு வியப்பு உண்டாகாது. அப்போது ஜில்லா கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். கைகொட்டிச் சிரித்த ஆண்பிள்ளைகளின் முன்னே புடவையோடு மிதித்துப் போன அப்பெண்களுக்கு ஒருவரும் ரோஜாச் சட்டை அணிவிக்கவில்லை.

நிற்க. நமது விழுப்புரம் ஜில்லாவுக்கு வருவோம். தமிழ்நாட்டுச் சர்க்கார் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கிற்று. பின்னர் 2005-06ல் அது அரசினர் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் நிலைத்துவிட்ட நற்காரியம் இது. சைக்கிள் செய்யும் ஆலைக்கும் நமக்குக் குறைவில்லை. 1949ல் தோன்றிய நிறுவனம் அம்பத்தூரில் இன்றுவரை சைக்கிளுக்குப் பெயர் பெற்றது. சைக்கிள் கொடுத்தார்கள்; பிள்ளை கைநீட்டி வாங்கிக்கொண்டான். அதை எங்கே ஓட்டுவது?

ஒலக்கூரிலிருந்து திண்டிவனம், விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரை ராஜபாட்டையை ஒருமுறை சைக்கிளில் சென்று பார்த்தவர் இக்கேள்வியைக் கேட்க மாட்டார். நாலுவழியாக அகலப்படுத்தியபோது லாரிக்கும் பஸ்ஸுக்கும் காருக்கும் இடம் விட்டார்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே எஞ்சிய சிறு கரையில் மணலும், உடைந்த கண்ணாடியும், நிறுத்திய லாரிகளும், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்களும். விக்கிரவாண்டியில் சுங்கம் கட்டுகிறவனுக்கே பாதை, கட்டாதவனுக்கு இல்லை என்று ஒருவகை நியாயம் வகுத்திருக்கிறார்கள் போலும். சைக்கிள் பாதை எப்படி அமைப்பது என்று நம் நாட்டுச் சாலைப் பொறியாளர்களின் அவையாகிய இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962ஆம் ஆண்டிலேயே விதிக்குறிப்பு வெளியிட்டது. குறிப்பு இருக்கிறது; பாதைதான் இல்லை.

எம்மிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டா. இந்தச் சாலையோரத்துக் கிராமத்தில் பால் ஊற்றி வந்த ஒருவர், விடியுமுன் மகனுடைய சர்க்கார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். லாரி மோதிற்று. மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மன்றத்தில் எதிர்த்தரப்பார் கேட்ட முதற்கேள்வி, சைக்கிளில் விளக்கு இருந்ததா என்பது. விளக்கில்லாமல் வந்ததால் விபத்துக்கு இறந்தவரும் காரணம், ஆகவே தொகையில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று வாதித்தார்கள். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. அவர்கள் நிலையில் நாம் இருந்தால் நாமும் அப்படியே வாதித்திருப்போம். ஆனால் அந்த இடத்தில் சைக்கிளுக்கென்று ஒரு முழம் பாதை உண்டா என்று நாம் திருப்பிக் கேட்டதற்குப் பதில் இல்லை. அப்படிப்பட்ட கேள்விக்குச் சட்டத்தில் இடமும் இல்லை. தாயோடு வந்த பையன் எம்மிடம் கேட்டது தொகையைப் பற்றி அன்று. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் சைக்கிள் எப்போது கிடைக்கும் என்று கேட்டான். கிடைத்தபோது முன்சக்கரம் எட்டுப்போல வளைந்திருந்தது.

ஆகவே நாம் சொல்லும் யோசனை இது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கூடிப் பல நாள் சைக்கிள் பந்தயம் ஒன்றைத் தொடங்க வேண்டும். அதன் முதல் முயற்சி நமது ஜில்லாவில் நடக்க வேண்டும். 2026 ஜனவரியில் புனா ஜில்லாவின் சாலைகளில் சர்வதேசச் சைக்கிள் சங்கத்தின் அட்டவணையில் இடம்பெற்ற பல நாள் பந்தயம் நடந்தது. அதற்காக அங்கே செய்த முதற்காரியம் சாலைகளைச் செப்பனிட்டதே. பல மனுக்களுக்கு அசையாத தார் டின் ஒரு பந்தயத்துக்கு அசைந்தது! வருகிறவன் விழுந்தால் உலகம் பார்க்குமே என்ற பயம் அதிகாரிகளுக்கு உண்டாகிறது. பால்காரன் விழுந்தால் அந்தப் பயம் இல்லை. வெட்கப்பட வேண்டிய உண்மைதான். ஆயினும் உண்மையைக் கொண்டு வேலை வாங்குவதே வக்கீல் புத்தி.

போலீஸார் சாலையை அடைக்கச் சம்மதிப்பார்களா என்று சிலர் கேட்பார்கள். மந்திரி வருகைக்கும் கட்சி மாநாட்டுக்கும் இதே சாலை நாள் முழுதும் ஸ்தம்பித்ததை நாம் கண்டிருக்கிறோம். நம் நேயர்களில் பலர் அதற்குக் காரணமாகவும் இருந்திருக்கிறார்கள். பந்தயம் ஓர் ஊரைக் கடக்க ஒரு மணி நேரம் போதும். பந்தயச் சைக்கிளின் விலை இலட்சத்தைத் தாண்டுகிறதே, ஏழைப் பிள்ளைக்கு அதில் என்ன என்பது இரண்டாவது ஆட்சேபம். இது நியாயமான ஆட்சேபம். 1930ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துப் பந்தயத்தில் தெக்ராஞ்சு என்ற பத்திரிகாசிரியர், கம்பெனிகளின் ஆதிக்கத்தை ஒழிக்க, எல்லோருக்கும் ஒரேவிதமான மஞ்சள் சைக்கிள் கொடுத்து ஓட்டச் செய்தார். நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. ஒரேவிதமான சைக்கிள் ஏற்கனவே ஒவ்வொரு கிராமத்திலும் நிற்கிறது. சர்க்கார் சைக்கிளுக்கென்று ஒரு பிரிவு, அதில் பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. பரிசும் பந்தயச் சைக்கிள் பிரிவுக்குச் சமமாக.

பாதையையும் நாம் ஒருவாறு வகுத்திருக்கிறோம். முதல்நாள் மரக்காணம் உப்பளத்திலிருந்து திண்டிவனம், செஞ்சிக் கோட்டை வழியாகத் திருவண்ணாமலை வரை, சுமார் 100 கிலோமீட்டர். மறுநாள் திருக்கோவிலூர் வழியாக விழுப்புரம். மூன்றாம் நாள் விழுப்புரத்திலிருந்து ராஜபாட்டை வழியாகத் திண்டிவனம். மலை வேண்டுமென்பவர்கள் பொறுத்திருக்க வேண்டும். எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதை இரண்டாம் ஆண்டுக்கு. இத்தாலியரின் புகழ்பெற்ற ஸ்தெல்வியோ கணவாயில் ஒரு பக்கத்துக்கு 48 வளைவுகளே. தை மாதம் ஆகாது. கரும்பு வண்டிகள் முண்டியம்பாக்கம் பக்கம் சாலையை விடா. மாசியில் மேல்மலையனூர் அமாவாசையை விலக்கி, வளர்பிறையில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு பார்க்கலாம். காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும்; பத்துக்குமேல் வெயில் ஒப்பாது. முதற்பரிசின் செலவில் ஒரு பங்கை இப்பத்திரிகை ஏற்கும். மற்றப் பத்திரிகைகள் எங்களை முந்திக்கொண்டு அறிவித்துவிட்டாலும், கொரியேரே செய்ததுபோல, அத்தொகையை அவர்களுக்கே அனுப்பிவைப்போம். மூன்றாம் நாள் பாதையில், விக்கிரவாண்டிக்கு வடக்கே, எந்தெந்த இடத்தில் சாலைக்கரை உடைந்து கிடக்கிறது என்று கிலோமீட்டர்க் கல் வாரியாகக் குறித்து வைத்திருக்கிறோம். அந்தக் குறிப்பின் ஒரு பிரதி ஜில்லா கலெக்டருக்கு நாளைய தபாலில் போகிறது.